குளிர்காய்ந்த கணக்கு

தபால் பெட்டியில் கிடந்த பில்லை
லிஃப்டுக்குள்ளேயே பிரித்துவிட்டேன்.
நூற்று நாற்பத்து மூன்று லெவா.
நான்காம் மாடி வருவதற்குள் மூன்று முறை படித்தேன்.
கதவு திறந்து, காத்திருந்து,
தானாகவே மூடிக்கொண்டது.

முப்பத்தெட்டு சதுர மீட்டர் வீடு.
இதைவிடச் சின்னதாகப் பெர்னிக் நகரில்
கல்லறைதான் கிடைக்கும் என்பான் என் தம்பி.
இருப்பது மூன்று ரேடியேட்டர்.
மூன்றையும் அக்டோபரிலேயே அடைத்தாயிற்று.
திருகுகளின் மேல் பெயிண்டும் அடித்து வைத்தேன்,
எனக்கே சபலம் வந்துவிடக் கூடாதென்று.

வெந்நீர்: சரி, குளித்தேன்.
மீட்டர் பார்த்த கூலி: சரி, ஆள் வந்தார்,
பூட்ஸைக் கழற்றாமல் வந்தார்.
அறைகளின் வெப்பம்: பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தேன்.
அதற்குக் கீழே,
கட்டடக் குழாய்களின் வெப்பம்:
எழுபத்தொரு லெவா, அறுபது ஸ்டோட்டிங்கி.

"வாங்காத சரக்குக்கு விலையா?"
அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்
தலை நிமிராமல் சொன்னாள்:
"உங்கள் குளியலறைச் சுவர் வழியாகத்தானே குழாய் போகிறது.
சுடாமல் போ என்று அதனிடம் சொல்ல முடியுமா?"
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
சிரித்தவர் கையிலும் ஒரு பில்.

வீட்டுக்கு வந்து சுவரைத் தொட்டேன்.
சூடுதான்.
ஏழு வருடமாக
என் காலுறைகள் அங்கேதான் காய்கின்றன,
அதே ஆணியில்.

படிக்கட்டில் கூடிக் கத்தினோம், பத்தொன்பது வீட்டாரும்.
நிர்வாகி ராதொயில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.
எழுதிக்கொள்வது அவருக்குப் பிடிக்கும்.
என் மேல்வீட்டார் மட்டும் வரவில்லை,
ஸ்பெயினுக்குப் போய் நாலு வருடம்.
என் வீட்டில் மிச்சமாகும் சூடு
அவர்களுடைய காலி அறைகளில்
சாவி இல்லாமலே போய் உட்கார்ந்திருக்கும்.

கீழ்வீட்டில் நெதெல்ச்சோ, முன்னாள் கிரேன் டிரைவர்.
ஜனவரியில் வெறும் பனியனோடு
ஜன்னலைத் திறந்துவைத்துப் புகைப்பார்.
காசைக் காற்றில் விடும் மனிதர் என்று
எத்தனை முறை நினைத்திருப்பேன்,
வெறுங்காலோடு என் தரையில் நடந்தபடி!

பிப்ரவரி இரண்டாம் வாரம்
தரை என்னைக் கடித்தது.
இரண்டு ஜோடிக் காலுறை. பிறகு செருப்பு.
மூன்றாம் இரவு, மருந்துக்கடை ஷிப்ட் முடிந்ததும்
கீழே இறங்கிக் கதவைத் தட்டினேன்.
ஓவர்கோட், கம்பளித் தொப்பி.
"உடம்பு சரியில்லையா?"
"உடம்புக்கென்ன. கணக்குப் போட்டுப் பார்த்தேன், வெனெதா."

சமையலறை மேஜையில்
கிளிப் போட்ட பில்கள், வருடம் வருடமாய்.
"உன் தரைக்கும் சேர்த்து
நான்தான் கட்டியிருக்கிறேன்."
கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்தவர் நெருப்பில் குளிர்காய்பவர்கள் என்று
நான் யார் யாரையோ திட்டியிருக்கிறேன்:
கடை முதலாளியை, மந்திரிகளை,
விவாகரத்தான புருஷனை.

"எவ்வளவு தர வேண்டும்?" என்றேன்.
பென்சில் முனையை நாக்கில் தொட்டு
ஒரு தாள் முழுக்க வகுத்தார்.
பிறகு தாளைத் திருப்பிப் போட்டார்.
"உன் பாதத்துக்கு மீட்டர் இல்லையே."

மேலே வந்து, கத்தியால் பெயிண்டைச் சுரண்டி,
படுக்கையறைத் திருகை அரைச்சுற்று திறந்தேன்.
குழாய் இருமியது.
சூடு மேலேதான் ஏறும், தெரியும்,
ஆளில்லாத வீட்டுக்கு.
கொஞ்சம் கீழேயும் இறங்கலாம்.
இறங்காமலும் போகலாம்.

நியாயமா என்று கேட்டால் இன்னும் தெரியாது.
எழுபத்தொன்று அதிகம்தான்.
திங்கட்கிழமை மறுபடி அந்தக் கண்ணாடி முன் நிற்பேன்,
நெதெல்ச்சோவும் தன் கிளிப்புகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.
அறுபது ஸ்டோட்டிங்கியைப் பற்றி மட்டும்
வாய் திறக்கப் போவதில்லை.
அது காலுறைகளுக்கு.