மூன்றாம் பக்கம்

பேர்னில் இருந்து ஒரு கொப்பி வந்தது,
ஒரு மாதம் வாங்கியதையெல்லாம்
எழுதித் தரச் சொல்லி.
சீட்டுக் குலுக்கியதில் எங்கள் வீடாம்.
லொத்தரில் விழாத பெயர்
இதில் விழுந்திருக்கு என்றார் நகுலேஸ்.

மார்கழியில் இருந்து அவருக்கு அரைநேர வேலை.
பீல் நகரத்துக் கடிகாரங்களுக்கு ஓடர் இல்லை.
நேரம் செய்கிற இடத்திலேயே
நேரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

வாடகை, காப்புறுதி, ரயில் பாஸ்.
இவற்றை எழுதக் கை கூசவில்லை.
அவை கேட்டு வருவதில்லை,
எடுத்துக்கொண்டு போகும்.

மூன்றாம் பக்கம்: உடுப்பும் சப்பாத்தும்.

ஆர்த்திகாவின் குளிர் ஜக்கெற்,
ரயில்நிலையத்துக்குப் பின்னாலுள்ள
பழைய சாமான் கடையில், பதினாலு பிராங்.
கழுத்துப் பட்டியின் உள்ளே
சிவப்பு நூலில் வேறொரு பிள்ளையின் பெயர்: லியோனி.
பிரிக்க ஊசி எடுத்தேன்.
விடுங்கோ அம்மா,
என்ர வகுப்பில லியோனி இல்லை என்றாள்.

துவாரகனின் பனிச்சப்பாத்து
மூன்றாம் மாடிப் போர்த்துக்கீசக்காரி
கதவடியில் வைத்துவிட்டுப் போனது.
விலையில்லை, ஆகவே கொப்பியில் இல்லை.
கால் இரண்டும் என்னவோ
அதற்குள்தான் பள்ளிக்குப் போகின்றன.

நகுலேஸ்: ஒன்றுமில்லை.
நான்: ஆஸ்பத்திரிச் சலவையறை தந்த
வெள்ளைச் சட்டை. அது என்னுடையதா,
அவர்களுடையதா என்று தெரியாமல்
ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.

ஆள் பாதி ஆடை பாதி என்றால்
இந்த மாதம் நாங்கள் நாலு பேரும்
சேர்த்து இருபத்தெட்டு பிராங்.

பிறகு அந்தச் சீலை.

சூரிச்சில் மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு.
முந்நூற்று இருபது. கடைக்காரர்
இரண்டு தவணைக்குச் சம்மதித்தார்.
கையில் காசு புழங்கிய வருடம்
பழைய சீலையோடுதான் போனேன்.
எளிமையான பிள்ளை என்றார்கள்.
இந்த வருடம் அதையே உடுத்தால்
அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.
அந்தப் பெயரைவிட
முந்நூற்று இருபது மலிவு.

எழுதினேன். அழித்தேன்.
பென்சிலால் மெல்லமாக மறுபடி எழுதினேன்.

தை முடிய பேர்னில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
ஆர்த்திகா ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.

அம்மா, உடுப்புக் கணக்கில
ஒரு சைபர் கூடிப்போச்சா எண்டு கேக்கிறா.

இல்லை, சரியெண்டு சொல்லு.

சம்பளம் குறைஞ்ச மாதம்
இது மட்டும் ஏன் கூடினது எண்டு கேக்கிறா.

ஜன்னலுக்கு வெளியே
மழையா பனியா என்று முடிவெடுக்காத ஒன்று
விழுந்துகொண்டிருந்தது.

குளிர் எண்டு சொல்லு.