ஆறு நிமிடம், நாற்பது விநாடி

அறைக்குள் போகும் முன்
கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும்.
காந்தம் முள்ளை நிறுத்திவிடும்.
ஆகவே வில்ஃப் ஆஸ்கர்பி என்கிற நான்
அழித்துக்கொண்டிருந்த நேரத்துக்குக் கணக்கில்லை.

இரண்டங்குல அகல நாடா.
ஒரு சுருளைத் தூக்கினால் முதுகு பேசும்.
விலை, என் ஒரு மாதச் சம்பளம்.
மாடியிலிருந்து மஞ்சள் சீட்டு வரும்:
‘மறுபயன்பாட்டுக்கு.’
மேல்முறையீடு கிடையாது.

பொத்தானை அழுத்தினால் ஓர் உறுமல்.
பிறகு ஒன்றுமில்லை.
சூப் வைக்கச் சொல்லித்தந்த பாதிரியார் போனார்.
புதிர்ப் போட்டியில் பதினோரு வாரம்
தொடர்ந்து ஜெயித்த தபால்காரி போனாள்.
ஊரெல்லாம் கடன் வைத்திருந்த கம்பளி வாத்து
கடனை அடைக்காமலே போனது.
அவர்கள் இருந்த இடத்தில்
சனிக்கிழமைக் குதிரைகள் ஓடின.

‘இரண்டாவது விளக்கு’ எழுபத்தொன்றில் வந்தது.
வியாழன் இரவு எட்டு மணி, பதின்மூன்று வாரம்.
கலங்கரை விளக்கில் அண்ணனும் தம்பியும்.
பேச்சுவார்த்தை இல்லை.
கதவைச் சாத்தினால் அட்டைச் சுவர் ஆடும்.
ஆனாலும் ஹெஸ்ஸில் ரோட்டில் அந்த அரைமணி
மீன் வறுவல் கடையில் ஈதான் இருக்கும் என்பார்கள்.
ஒன்பதாம் வாரம் தம்பி வாய் திறந்தானாம்.
என்ன சொன்னான்?
எனக்குத் தெரியாது.
அழிப்பவன் படம் பார்ப்பதில்லை,
பெட்டிமேல் எண்ணைச் சரிபார்ப்பான்.

நாற்பது வருடம் கழித்து
ஹல் நூலகத்தில் ஒரு மாலை
தொலைந்த தொடர்களைத் தேடும் இரண்டு பேர்
என்னையும் வரச்சொன்னார்கள்.
கூண்டில் ஏற்றுவது மாதிரிதான்,
தேநீர் கொடுத்தார்கள்.
அங்கே லினெட் ஸ்டாதர்ஸ் என்கிற பெண்
பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தாள்.
பதின்மூன்று கேசட்.

அவள் அப்பா மீன்பிடிக் கப்பலில்.
மூன்று வாரம் ஐஸ்லாந்துக் கடல், மூன்று நாள் வீடு.
அவருக்குக் கதை விட்டுப்போகுமே என்று
மைக்கை டிவிப் பெட்டிக்கு நேரே நீட்டியபடி
வியாழன்தோறும் அரைமணி
அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், பதினோரு வயதில்.

ஓடவிட்டார்கள்.
அலை. கதவு. அட்டைச் சுவர்.
நடுக்கடலில் ஒரு கெட்டில் கூவியது.
‘என் காலை மிதிக்கிறான்’ என்றது ஒரு குரல்,
அது கதையில் இல்லாத குரல்.
உஷ் என்றாள் அம்மா.

ஒன்பதாவது கேசட்.
அண்ணன் கூப்பிட்டான்.
தம்பி மூச்சை இழுத்தான்.
அறையில் எல்லோரும் குனிந்தோம்.

குறட்டை.

கரைக்கு வந்த மனுஷன்
கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட,
நிறுத்தப்போனவள் தப்பான பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.
‘ஏழு நிமிஷம்’ என்றாள்.
‘உங்களைப்போலத்தான் நானும்’ என்றாள் என்னைப் பார்த்து.
நான் டம்ளரைப் பார்த்தேன்.

சுத்தம் செய்துவிடலாம் என்றான் இளைஞன்,
இப்போது எல்லாவற்றுக்கும் மென்பொருள் இருக்கிறது,
குறட்டைக்கு அடியில் வசனம் இருக்குமே.
இருக்காது, தம்பி, என்றேன்.
வாழ்க்கையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது
அது ஒன்றுதான்.

லினெட் மூடியை எடுத்தாள்.
அதற்குள், இன்னொரு முறை போடுங்கள் என்றேன்.
ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.
பெரிய ஆள்போலும். நல்ல நெஞ்சுக்கூடு.
இழுத்து, நிறுத்தி,
உப்புக்காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி.

கடிகாரம் கையிலேயே இருந்தது.
ஏழு இல்லை.
ஆறு நிமிடம், நாற்பது விநாடி.