ஒன்பது இடம்

ஆல்டர் ஃபால்ஸ் நகராட்சியில் குறிப்பெடுப்பவள் நான்.
பேச வருகிற ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணியடிப்பதும் நான்தான்.

நூலகத்தின் நிலவறை, ஏப்ரல் மாத இரவு,
ஈரக் கோட்டுகளின் வாடை.
தலைக்கு மேலே மெயின் தெரு இல்லை.
பத்து நாளாக அது ஒரு பள்ளம்.
நூறு வருடத்துக் குடிநீர்க் குழாயைச்
சொத்தைப் பல் மாதிரி
துண்டு துண்டாகப் பிடுங்குகிறார்கள்.

பொறியாளர் கியர்ஸ்டன் வரைபடத்தை விரித்தாள்.
சாய்வாக நிறுத்தியது போதும், இனி நடைபாதையை ஒட்டி நேராக.
நாற்பத்தாறு கார் நின்ற இடத்தில் முப்பத்தொன்று.
மிச்ச இடத்தில் மரம்.

"மரமா வந்து ஆணி வாங்கப் போகிறது?" என்றார்
இரும்புக்கடை ஆரின் ட்வெய்ட்.
'சிரிப்பு' என்று எழுதி, அடித்துவிட்டேன்.
ப்ளைவுட் பலகையைத் தலையில் சுமந்து
இரண்டு தெரு நடப்பவனை
இந்த ஊரில் யாராவது பார்த்ததுண்டா?
யாரும் பார்த்ததில்லை. பிப்ரவரியில் நிச்சயமாக இல்லை.

பல் மருத்துவர் எழுந்து
ஊசி போட்ட கையோடு ஆட்கள் வழுக்கி விழுவார்கள் என்றார்.
இறுதிச்சடங்கு நிலையத்து வில்லா புரோகாஸ்கா
தன் முறை வரும்வரை பின்னல் ஊசியை நிறுத்தவில்லை.
"எங்களிடம் வருகிறவருக்கு ஒரே ஓர் இடம் போதும்.
அவர் பின்னால் வருகிற முப்பது காரை
எங்கே நிறுத்தச் சொல்கிறீர்கள்?"
மணியடிக்க எனக்குக் கை வரவில்லை.

கடைசியாக ஹீபோ வர்சாமே.
பூட்டிக் கிடக்கும் பழைய வங்கியில்
சம்பூசாவும் தேநீரும் விற்க மனு.
பதினேழாம் விதியை நான் வாசித்தேன்:
முந்நூறு சதுர அடிக்கு ஒரு வாகன இடம்.
ஆக, ஒன்பது.

எழுதி வந்த தாளை நான்காக மடித்தாள்.
"தெருவைத் தோண்டி எடுத்துப் போய்விட்டு
ஒன்பது இடம் கொண்டுவா என்றால்?
வங்கியின் பெட்டக அறையில் ஒன்று நிறுத்தலாம்.
கதவு பலமானது.
மற்ற எட்டுக்கு யோசனை சொல்லுங்கள்."

ஏன் முந்நூறு, ஏன் இருநூறு இல்லை?
தலைவர் டுவெய்ன் பிராக் என்னைப் பார்த்தார்.
பழைய கோப்பு என் மடியில்தான் இருந்தது.
எழுபத்து நான்கில், பக்கத்து ஊரின் சட்டத்தைப்
பார்த்து எழுதியிருக்கிறார்கள்.
நான்காம் பத்தியில்
அந்த ஊரின் பெயரை மாற்றக்கூட மறந்திருக்கிறார்கள்.
ஐம்பது வருடமாக நாங்கள்
பாதி வேறோர் ஊர்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
குறிப்பெடுப்பவளுக்கு மூன்று நிமிடம் கிடையாது.
ஒத்திவைக்கப்பட்டது, மே இரண்டாம் வாரத்துக்கு.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்.
ஒன்பது பதினொன்றுக்குக் கூட்டம் கலைந்தது.

வெளியே பொடிப்பனி.
பள்ளத்தின் மேல் ஒரு பலகை, ஓர் ஆள் அகலம்.
ஆரின் கடையில் வாங்கியது,
விலைச்சீட்டு விளிம்பில் ஒட்டியிருந்தது.
இந்தக் கரையிலிருந்து அவர்.
வங்கி விளக்கை அணைத்துவிட்டு
அந்தக் கரையிலிருந்து அவள்.
நடுவில், மூக்குக்கு மூக்கு, நின்றார்கள்.
கீழே சேற்றுநீரை இறைக்கும் பம்பு
இருமிக்கொண்டிருந்தது.

பலகையில் யாருக்கு முதல் வழி என்று
பதினேழிலும் இல்லை, வேறெந்த விதியிலும் இல்லை.
அவர் என்னவோ சொன்னார். அவள் என்னவோ சொன்னாள்.
பிறகு ஒருவர்,
முதுகுப் பக்கமாகவே, குதிகாலால் தடவித் தடவி,
வந்த கரைக்குத் திரும்பி வழிவிட்டார்.
யார் என்று எனக்குத் தெரியும்.
கூட்டம் முடிந்தபின் நடப்பது
குறிப்பில் சேராது.

லூத்தரன் தேவாலயத்து முற்றம்வரை
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு காலடி.
அவ்வளவுதானா என்று சந்தேகம் வந்து
பாதியிலிருந்து மறுபடி எண்ணினேன்.

என் கார்க் கண்ணாடியில், துடைப்பானுக்கு அடியில்,
நனைந்த ஒரு சீட்டு:
இந்த இடம் வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை.