நான்காவது லேன்

எத்திராஜ் சுண்ணாம்பு வண்டி தள்ளினால்
நூல் பிடித்த மாதிரி கோடு.

போன மாதம் ஸ்டேடியத்தில் மாநாடு.
மேடைக்குத் தோண்டிய குழிகளை
நீளம் தாண்டும் மணலை அள்ளி மூடினார்கள்.
அதற்கு முன் ஓட்டு எண்ணிக்கை.
அவருக்கே பாஸ் இல்லை;
கேட்டுக்கு வெளியே நின்று டீ குடித்தார்.

வெள்ளம் வந்த டிசம்பரில்
புளியந்தோப்பே கேலரியில் ஏறிப் படுத்தது.
தரை காய்ந்ததும் லேனுக்கொரு குடும்பம் என்று
அவர்தான் பிரித்துக் கொடுத்தார்.
நான்காவதில் நாங்கள் எட்டுப் பேர்,
ஒரு ஸ்டவ்,
கூண்டில் பந்தயப் புறா இரண்டு.

நாளைக்கு மண்டலப் போட்டி.
மூடிய குழியில் சக்கரம் இறங்கி
கோடு கோணுகிறது.

"ஓடுற பசங்க திட்டுவாங்கண்ணா" என்றேன்.

"உன் காலு ராத்திரி பூரா
அஞ்சாவது லேன்லதான் கெடந்துச்சு.
யாரு திட்டினா?"