தேய்க்காததன் விலை

பள்ளத்தூருக்கு எட்டு மணி பஸ்.
பையில் தராசு, சட்டைப்பையில் பூதக்கண்ணாடி.
முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை வைத்தவனுக்கு
மொத்தமாக வாங்குவதில் ஒரே விதி:
ஒவ்வொன்றாகப் பார்க்காதே.
மூன்று இடத்தில் கை விடு, மூன்று பிடி அள்ளு,
பிடி சொல்வதை அண்டா சொன்னதாக எடுத்துக்கொள்.

பஞ்சவர்ணம் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.
ஒன்பது பங்காளிகள், ஒன்பது சாவி.
கூட்டிப் பெருக்கிக் காவல் இருந்தவளுக்கு
பதினாலு மாதச் சம்பளம் பாக்கி.
அவரைக் கேள், இவரைக் கேள் என்று போய்
கடைசியில் யாரோ ஃபோனில் சொன்னார்களாம்,
‘உள்ளறையில அண்டா கெடக்கு, எடுத்துக்க.’

மூடியைத் தூக்கினாள். கண் கூசியது.
காலணா, ஓட்டைக் காலணா, மலாயாவின் சதுரக் காசு,
தென்னை நிற்கும் சிலோன் சென்ட்,
எல்லாம் நேற்று அச்சடித்த சிவப்பு.

‘புளி போட்டுத் தேய்ச்சேன், ரெண்டு ராத்திரி.
விக்கிற சாமான் பளிச்சுனு இருக்கணும்ல?’
விரல் நுனிகள் வெந்திருந்தன.

எப்படிச் சொல்ல.
நூறு வருடக் காற்று பூசிய கறுப்புக்குத்தான்
சேகரிக்கிறவன் பணம் அவிழ்ப்பான்.
அதைக் கழுவிவிட்டால்
ராஜா மூக்கோடு விலையும் போய்
மிச்சம் செம்பு.

இரண்டாம் பிடியும் சிவப்பு.
மூன்றாவதற்கு முழங்கை மட்டும் விட்டேன்.
அடியில் சொரசொரப்பு. தூசி. நல்ல கறுப்பு.
‘அதுக்குள்ள புளி தீந்துபோச்சு’ என்றாள்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அந்தப் பிடியில் ஒரு மயில்.
பர்மா ராஜாவின் வெள்ளி, தோகை விரித்தது.
கட்டைவிரலுக்கு அடியில்
ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தேன்.
கணக்கு எழுதுகிறவன் இதையும் எழுத வேண்டும்.
பிறகு தரையில் தனியாக வைத்தேன்:
‘இது மட்டும் நாலாயிரத்து ஐந்நூறு.’

தேய்த்தது பதினான்கு கிலோ, எழுநூற்று இருபது வீதம்.
தேய்க்காதது ஒன்பது கிலோ, ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீதம்.
அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
‘தேய்க்காததுக்கா கூட?’
‘ஆமாம்.’
‘அப்ப நான் தூங்கியிருந்தா?’
நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

‘எனக்கு வரவேண்டியது முப்பத்தஞ்சாயிரம்.’
‘அது சம்பளம். நான் சொல்வது காசின் விலை.’
சொன்னபிறகு அது நியாயமாகவும் பட்டது,
பங்காளி பேசுகிற மாதிரியும் பட்டது.

அவள் குனிந்து மயிலை எடுத்தாள்.
‘மத்ததுக்குப் பணம் குடுங்க. இது இருக்கட்டும்.’
‘வேறு யாரும் இந்த விலை தரமாட்டார்கள்.’
‘விக்கலையே.
பாக்கி நிக்கிதுல்ல,
பாக்கிக்கு ஒரு சாட்சி வேணாமா?’
முந்தானையில் முடிந்து ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.
‘புளி அரைக் கிலோ, அறுபது ரூவா.
அதையும் போட்டுக்குங்க.’

போட்டேன்.
இருபத்தேழாயிரத்து இருநூற்று நாற்பது.
இரண்டு தரம் எண்ணினாள்.
கூலி கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
இரண்டு மூட்டையும் காலிடுக்கில்.
கண்டக்டர் செருப்பு முனையால் தட்டிப் பார்த்தார்.
‘என்ன இது, இரும்பா? லக்கேஜ் போடணும்.
சில்லறையாக் குடுங்க.’

இருபத்துமூன்று கிலோ.
நூறு ரூபாய்த் தாளைத்தான் நீட்டினேன்.