இரவு மின்கட்டணம்

துருவத்தில் தொங்கவிட்டால்
ஒரே நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.
இங்கே, நிலநடுக்கோட்டுக்கு
நூற்றைம்பது கிலோமீட்டர்கூட இல்லாத வடக்கில்,
நாற்பத்து மூன்று நாளாகும் ஊசலுக்கு.
"தப்பான ஊரில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்"
என்றார் வங்கியிலிருந்து வந்தவர்.
சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.
கையேந்துகிறவர்கள் வேறென்ன செய்ய?

அரை மணி நேரம் நின்று பார்த்தார்.
தரையில் வட்டமாக நட்ட குச்சிகளில்
ஒன்றும் விழவில்லை.
படிவத்தில் ஒரு கட்டம்:
விளைவை எண்ணிக்கையில் எழுதுக.

நான் கணக்குப் பிரிவு.
பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.
காலாங் ஆற்றோரம் ஐஸ் தொழிற்சாலையாக இருந்த கட்டடம்;
மழை நாளில் இன்னும் சுவரிலிருந்து
அம்மோனியா லேசாக வரும்.
எழுபத்து மூன்றில் ஆண்டு வாடகை ஒரு வெள்ளி.
அந்த வருடப் பேரேட்டை
வேலை இல்லாத மதியங்களில் எடுத்துப் படிப்பேன்.
பள்ளிப் பிள்ளைகள், ஆளுக்குப் பத்துக் காசு.
கப்பல் பட்டறைப் பற்றவைப்பாளர்கள்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை மிகைநேரக் கூலி,
கூடவே உடைத்த கப்பலொன்றின் விசிறி;
அதை உருக்கி வார்த்ததுதான் முப்பத்தோரு கிலோ குண்டு.
மீன் வியாபாரி தியோ ஆ பூன், ஐந்து வெள்ளி.
இரண்டு நாள் கழித்து, வேறு மசியில்,
அதே தியோ ஆ பூன், இன்னொரு ஐந்து.
ஏன் திரும்பி வந்தார் என்று
எழுதி வைக்க அந்தப் பேரேட்டில் கட்டம் இல்லை.

பிறகு ஒரு வெள்ளி வாடகை சந்தை வாடகையானது.
மானியம் தலைக்கு இவ்வளவு என்றானது,
தலைகள் பேரங்காடிக்குப் போயின.
அலைத்தொட்டியை விற்று மின்தூக்கி பழுதுபார்த்தோம்.
மூச்சுவிடும் நுரையீரல் பாதி மூச்சில் நின்றது.
அதன் மேல் மாட்டிய 'பழுது பார்க்கப்படுகிறது' அட்டை மட்டும்
நான்கு வருடமாகப் பழுதே ஆகவில்லை.

இரவில் மின்சாரத்தை நிறுத்தலாம் என்ற சுற்றறிக்கையில்
கையெழுத்து என்னுடையது.
ஆண்டுக்கு ஆறாயிரத்து நானூறு வெள்ளி மிச்சம்.
அதன்பின் காலை பத்துக்கு ஜுராய்மி
குண்டைக் கட்டிய நூலைத் தீக்குச்சியால் எரித்து விடுவார்.
மாலை ஆறுக்குக் காந்தம் அணையும்.
எட்டு மணி நேரம், மூன்று பாகைகூட இல்லை.
முதல் குச்சி ஐந்தாவது பாகையில்.
இரண்டு வருடம்
பூமி எங்கள் கூடத்தில் மட்டும்
தினமும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது.
படிவத்தில் பூஜ்யம் என்று எழுதினேன்.
பொய்யில்லை.

ஆகஸ்டில் காவலர் அறை மீட்டரில்
பதினெட்டு வெள்ளி நாற்பது காசு அதிகம்.
கேட்டேன்.
ஜுராய்மி மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.
"நாளைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாங்க.
கடைசி பஸ் போயிடும், டாக்சிக்குக் காசு வச்சுக்குங்க."

காவலர் நாற்காலியைத் தந்துவிட்டு
வெளியே கோப்பி குடிக்கப் போனார்.
குளிர்சாதனம் இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது.
கப்பல் விசிறி இருட்டில் போய்,
இருட்டிலிருந்து வந்தது.
ஜுராய்மி செல்பேசியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்,
ஒலியை அணைத்துவிட்டு.
பன்னிரண்டு இருபதுக்குக் குண்டின் முள்
குச்சியின் ஓரத்தை உரசியது.
அடுத்த வீச்சிலும் உரசியது.
பல வீச்சுகள். குச்சி ஆடி, நின்று, ஆடி,

டொக்.

அவ்வளவுதான். சீட்டுக்கட்டு
மேசையில் விழுவதைவிடச் சின்னச் சத்தம்.
நான் ஏன் எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை.
ஜுராய்மி குச்சியை எடுக்கப் போனார்,
"விடுங்க, கிடக்கட்டும்" என்றேன்.

வங்கியின் கடிதம் செப்டம்பரில் வந்தது.
வருந்துகிறார்களாம், எழுத்துப்பிழை இல்லாமல்.
டிசம்பரில் குத்தகை முடிகிறது.
யாருக்கெல்லாம் எழுத வேண்டும் என்று
ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், பாதி எழுதியாயிற்று.

பதினெட்டு வெள்ளி நாற்பது காசை
எந்தத் தலைப்பில் வைப்பது?
துப்புரவு என்று எழுதி அடித்தேன்.
பிறகு என் பணப்பையைத் திறந்தேன்.
நன்கொடை. பெயர் வேண்டாம்.
அடுத்த மாதமும் அதே தொகை,
அன்று கிடைத்த வேறு பேனாவால்.