தையல் வடிவங்கள், பெரிய தாள்

கச்சேரி தந்த நில அளவைப் படங்கள்
பதினேழு தாள் என்கிறது சேர்வுப் பதிவேடு.
912 ஆம் லாச்சியில் கிடந்ததோ
ஒரு பழைய உலகப் படமும்
செத்துக் காய்ந்த பல்லியும்.

மூன்று நாள் தேடினேன்.
நாலாம் நாள், கடைசித் தட்டில்,
சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நடுவே
646.
மண்ணிறக் கடதாசி உறை, மேலே பேனையால்
"தையல் வடிவங்கள், பெரிய தாள்."

பிரித்தால் வாவி.
நீலம் வெளிறி, மடிப்பில் வெடித்து,
கல்லடிப் பாலம் ஒரு நூலளவு.

கையெழுத்து மிஸிஸ் ஒக்கர்ஸுடையது.
எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவ.
ஆளைக் கண்டதில்லை. ஏழை நடுவில் வெட்டி எழுதுவா,
அவ்வளவுதான் தெரியும்.
படம் வைத்திருந்தவனை என்ன கேட்டார்கள் என்று
அந்த நாளில் ஊருக்கே தெரியும்.
அல்மாரிகளைக் குடைய வந்த பூட்ஸுகள்
சட்டைக் கை, கழுத்துப்பட்டி, பாவாடைச் சுற்று
என்று கண்டதும் அடுத்த தட்டுக்குப் போயிருக்கும்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.
புள்ளிக்கோடு இதிலும் உண்டு.
இந்தத் தாள் அச்சான வருடம்
அம்பாறை தனி மாவட்டம் இல்லை;
பிறகுதான் மேசையில் விரித்து
வெட்டினார்கள்.

இனித் திருத்துவது என் வேலை.
ஆசிரியர் என்ற கட்டத்தில்
இலங்கை, முற்றுப்புள்ளி, நில அளவைத் திணைக்களம்.
சதுப்பில் சங்கிலி இழுத்தவன் எவனும் இல்லை.
அட்டை கடித்தவனுக்கு
அட்டையில் இடமில்லை.
அளவுத்திட்டம்: மைலுக்கு ஓர் அங்குலம்.
வருடம் மூன்று கிடக்கிறது,
அளந்தது, திருத்தியது, அச்சிட்டது.
ஒன்றை எடு என்கிறது விதி. எடுத்தேன்.
குறிப்பு: மடிப்பில் சேதம்.
அந்தச் சேதத்துக்குள் ஓர் ஊர் இருந்தது.
"சேனை" என்ற வால் மட்டும் மிச்சம்.
தலை இல்லாத பெயரை
அகரவரிசையில் எங்கே செருகுவது?

வியாழக்கிழமை உதுமாலெவ்வை வந்தார்.
திங்கள் கோர்ட்டுத் தவணை.
பொலித்தீன் பைக்குள் காணி உறுதி.
எண் சொல்லவில்லை, தாள் சொல்லவில்லை.
"எங்கட பூமி கிடக்கிற படம் வேணும், தங்கச்சி."

அப்படியொரு தலைப்பு பட்டியலில் இல்லை.
பன்னிரண்டாம் தாளை விரித்து
நாலு மூலைக்கும் நாலு அகராதி வைத்தோம்.
அவர் விரல் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தது.
அணை, மதகு, பெரிய மருதமரம்
(படத்தில் மரமில்லை, அவர் சொன்னார்)
வரம்பில் வந்து நின்றது.
வயல் வரம்பில் அல்ல. தாளின் வரம்பில்.

"இதுக்கங்கால?"

மூலையில் ஒன்பது சின்னக் கட்டம்,
நடுக்கட்டத்தில் நாங்கள்.
கிழக்கே பதின்மூன்று.

உறைக்குள் எண்ணினேன். பதினாறு.

இரவல் பதிவேட்டில் தூசி தட்டினால்
646, பதின்மூன்று, தொண்ணூற்றுமூன்று மார்கழி,
வாங்கியவர் சிவபாக்கியம், தையல் வகுப்பு.
திரும்பிய திகதி வெறுமை.
மிஸிஸ் ஒக்கர்ஸ் லீவில் நின்ற நாளாக இருக்கலாம்.
வேறு யாரோ முத்திரை குத்தியிருக்கலாம்.
அல்லது எல்லாம் தெரிந்தே கொடுத்திருக்கலாம்,
எனக்குத் தெரியாது.

உதுமாலெவ்வை கன நேரம் பேசவில்லை.
பிறகு சிரித்தார்.
"அப்ப எங்கட பூமியில
ஆரோ ஒருத்தி சட்டை தைச்சிருக்கா."
பன்னிரண்டை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு
பஸ்ஸுக்குப் போனார்.

பதினாறு தாளுக்கும் 912 எழுதி முடித்தேன்.
646 இல் ஓர் அட்டை நிற்கிறது:
தையல் வடிவங்கள், பெரிய தாள். 912 பார்க்க.
பதின்மூன்றுக்கு மட்டும் எண்ணை மாற்றவில்லை.
என்றைக்காவது திருப்பித் தர வருகிறவருக்குத்
தெரிந்த எண் அதுதானே.